மலை மேலே 26 கிலோ உருளைக்கிழங்கு: என் கிறிஸ்துமஸ் அனுபவம்

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. "கோழியையும் சோத்தையும் நாங்க பாத்துக்கிறோம், நீ அந்த உருளைக்கிழங்கை மட்டும் செஞ்சிடு" என்று எத்தனையோ வீடுகளில் யாராவது ஒரு பெண்ணிடம் சொல்லப்போகிறார்கள். போன வருஷம் எங்கள் வீட்டில் அது நான். அந்த ஒன்றரை நாளில் நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல், யாராவது முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பட்டிருக்கவே வேண்டாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது போடிநாயக்கனூர். கல்யாணமாகி நாலு வருஷமாக மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறேன். கிறிஸ்துமஸ் சமையல் எப்போதும் அத்தை கையில்தான், நான் கூடமாட நின்று வெங்காயம் உரித்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். போன டிசம்பர் நடுவில் அத்தைக்குத் தேனியில் கண்புரை ஆபரேஷன் ஆனது. அடுப்புப் பக்கமே போகக் கூடாது, கண்ணில் புகை படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாத்தனார் அடிமாலியிலிருந்து 25ஆம் தேதி காலையில்தான் வர முடியும். பூசை முடிந்து வருகிற 25 பேருக்குக் காலையில் ஆப்பமும், தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற உருளைக்கிழங்கு இஷ்டுவும் (ஸ்டூ), மதியம் 60 பேருக்கு நெய்ச்சோறு, கோழிக்குழம்பு, உருளைக்கிழங்கு பட்டாணி போட்ட காரக்கறி, உருளைக்கிழங்கு வறுவல். கோழியும் சோறும் ஆண்கள் வெளியே கல் அடுப்பில் செய்வார்கள். ஆப்பம் பக்கத்து வீட்டுச் சேச்சி பொறுப்பு. உருளைக்கிழங்கு மூன்று வகையும் என் தலையில். உருளைக்கிழங்குதானே என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

முதல் தப்பு வாங்கின இடத்திலேயே நடந்தது. 23ஆம் தேதி அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது, மலையைவிட விலை குறைவு என்று போடியிலேயே வாங்கினேன். சாதாரணக் கிழங்கு 15 கிலோ, கிலோ 36 ரூபாய். இஷ்டுவுக்கு என்று ஊட்டிக் கிழங்கு 5 கிலோ, கிலோ 70 ரூபாய். சாக்கைக் கட்டி பஸ்ஸில் ஏற்றி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் மதியம் கொட்டிப் பார்த்தால் சாதாரணக் கிழங்கில் மேல் வரிசை மட்டும் நல்லது, கீழே இருந்ததில் பாதி முளைவிட்டும் பச்சை பாய்ந்தும் கிடந்தது. ஊட்டிக் கிழங்கைத் தண்ணீரில் போட்டதும் செம்மண் அப்படியே கரைந்து போய், உள்ளே சாதாரணக் கிழங்கில் பார்த்த அதே தோல். சாதாரணக் கிழங்குக்கே செம்மண் பூசி ஊட்டிக் கிழங்கு என்று விற்றிருக்கிறார்கள், அந்த மண்ணுக்குத்தான் 70 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது, ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

பச்சையை லேசாகச் சீவிவிட்டுப் போட்டால் என்ன என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சை நிறம் வருகிற இடத்தில் சோலனின் என்கிற நச்சும் கூடும், முளையிலும் அது அதிகம். வேகவைத்தாலும் அது போகாது. கொஞ்சமாகப் பச்சை இருந்தால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறியலாம், பாதிக் கிழங்குக்குப் பச்சை ஓடியிருந்தால் முழுதாக எறிய வேண்டியதுதான், அதுவும் குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில். சமைத்த பிறகு நாக்கில் கசந்தால் துப்பிவிடுங்கள். நான் 4 கிலோ எறிந்தேன். இப்போதெல்லாம் கடையிலேயே சாக்கைக் கவிழ்க்கச் சொல்கிறேன், முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகிறேன். ஊட்டிக் கிழங்கு என்று சொன்னால் ஒன்றை எடுத்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சாக்கோடு வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும், பாலிதீன் பையில் கட்டி வைக்கக் கூடாது, வியர்த்து அழுகிவிடும்.

24ஆம் தேதி மூன்று மணிக்குத் தோல் சீவ உட்கார்ந்தேன். வெட்டுப்பட்ட கிழங்கு காற்றில் கறுக்கும் என்பதால் சீவச்சீவ அண்டாத் தண்ணீரில் போட்டேன். மூணாறு டிசம்பர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் விரல் நுனியெல்லாம் வெளுத்து, கத்தி பிடித்திருப்பதே தெரியாமல் கட்டைவிரலில் வெட்டிக்கொண்டேன். இரத்தம் தண்ணீரில் கலந்த பிறகுதான் பார்த்தேன், அந்த அண்டாத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்பினேன். அத்தையைத் தவிர வீட்டில் எல்லாரும் மவுண்ட் கார்மல் கோவிலுக்கு நள்ளிரவுப் பூசைக்குப் புறப்பட்டபோது என் முன்னால் இன்னும் பாதிக் குவியல் அப்படியே இருந்தது. என் மகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, "அம்மா நீ வரலையா" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து நான் கிறிஸ்துமஸ் பூசையைத் தவறவிட்டதே இல்லை. ஜீப் வெளிச்சம் தேயிலைக்காட்டு வளைவில் மறைகிற வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து மறுபடியும் கத்தியை எடுத்தேன். அந்த ஒரு விஷயத்துக்குத்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை, பணம் போனதுகூட மறந்துவிட்டது.

இத்தனைக்கும் அந்தக் கிழங்கை முதலில் சீவியிருக்கவே வேண்டியதில்லை. காரக்கறிக்கும் இஷ்டுவுக்கும் தோலோடு நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுதாக வேகவைத்து, கை பொறுக்கிற சூட்டில் உரித்தால் தோல் துணி கழற்றுவதுபோல் கழன்று வரும். சதையும் வீணாகாது. அன்றைக்கு என் கையில் 3 கிலோவுக்கு மேல் தோலோடு போனது. வறுவலுக்கு மட்டும் பச்சையாகச் சீவினால் போதும்.

இரண்டரை மணிக்கு இஷ்டுவுக்குக் கிழங்கை வைத்தேன். பெரிய பாத்திரம் என்பதால் வாடகைக்கு எடுத்த பெரிய பர்னர் அடுப்பு. போடியில் அம்மா வீட்டில் இந்த அளவு துண்டு தண்ணீர் கொதித்து இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். இங்கே அரை மணி நேரம் தளதளவென்று கொதித்தும் கத்தி இறங்கவில்லை. கிழங்குதான் மோசம் என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. மூணாறு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏற ஏற தண்ணீர் கொதிக்கிற சூடு ஏறக்குறைய 1 டிகிரி குறையும். அப்படிப் பார்த்தால் இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு தீயைக் கூட்டினாலும் மூடாத பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் வீணாகும். தினமும் குக்கரில் சமைப்பதால் நாலு வருஷமாக எனக்கு இது உறைக்கவே இல்லை. குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் சூடு 100ஐத் தாண்டிவிடும். மலையில் அண்டாவில் வேகவைப்பதென்றால் கீழே ஆகிற நேரத்தோடு மூன்றில் ஒரு பங்காவது கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், மூடி போடுங்கள், முடிந்தால் அக்கம்பக்கத்தில் குக்கர்களை இரவல் வாங்கித் தவணை தவணையாக வேகவையுங்கள்.

இந்த நேரத்தில் தீயும் இறங்கிவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டதென்று சிலிண்டரைத் தொட்டால் கை ஒட்டுகிற குளிர், அடிப்பாகத்தைச் சுற்றி வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே கேஸ் குலுங்குகிறது. பெரிய பர்னர் வேகமாக இழுக்கும்போது உள்ளே இருக்கிற திரவம் ஆவியாகி ஆவியாகிச் சிலிண்டரே குளிர்ந்துபோகும், வெளியேயும் குளிர் என்றால் அழுத்தம் விழுந்துவிடும். சுடுதண்ணீரை ஊற்றுவது, பக்கத்தில் தீ மூட்டுவது போன்ற விபரீதம் எதையும் செய்துவிடாதீர்கள். இன்னொரு சிலிண்டரை மாட்டி, முதல் சிலிண்டரைச் சும்மா விட்டால் அதுவே பழைய நிலைக்கு வரும். என்னிடம் இன்னொன்று இல்லை. விறகு அடுப்புக்கு மாற்றினேன்.

இஷ்டு என்ன ஆனது என்று சொல்கிறேன். 5 கிலோ போதாது என்று அத்தை மூன்று வாரத்துக்கு முன் வாங்கிப் பின்கட்டில் வைத்திருந்த, மூணாறு பக்கத்து மலையூரான வட்டவடைக் கிழங்கில் கொஞ்சம் எடுத்துக் கலந்திருந்தேன். வட்டவடைக் கிழங்கு கெட்டியாக நின்றது, போடிக் கிழங்கு மாவாகக் கரைந்தது. ஒரே பாத்திரத்தில் பாதி கல், பாதி கஞ்சி. கல்லை வேகவைக்கத் தேங்காய்ப்பாலை முழுவதையும் ஊற்றிக் கொதிக்கவிட்டேன், பால் திரிந்து எண்ணெய் தனியாக மேலே வந்துவிட்டது. 10 தேங்காய்ப் பால். சாம்பல் நிறத்தில் கூழ்போல இருந்ததை யாருக்கும் பரிமாற முடியாது. ஆறரைக்கு ஆட்கள் பூசை முடிந்து, உறவுக்காரர் வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டு வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஹோட்டலில் 1,500 ரூபாய்க்கு முட்டைக்கறி வாங்கி வந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சேச்சி வந்து பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் பால்ல வேகவெச்சு, கடைசியில ஒன்னாம் பால் ஊத்தி, கொதி வர்றதுக்கு முன்னாடி இறக்கணும் மோளே" என்றார். அதுதான் முறை. கெட்டியான முதல் பால் கொதிக்கக் கூடாது. இன்னொன்றும் பிறகு தெரிந்துகொண்டேன். கரையாத கிழங்கு எது, மாவாகிற கிழங்கு எது என்று சமைக்கும் முன்பே பார்க்கலாம். ஒரு டம்ளர் உப்புக்குப் பதினொரு டம்ளர் தண்ணீர் என்று கரைத்து அதில் போட்டால் மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு மூழ்கும், கெட்டியாக நிற்கிற கிழங்கு மிதக்கும். மிதப்பது இஷ்டுவுக்கு, மூழ்குவது மசித்துப் போடுகிற கறிக்கும் போண்டாவுக்கும். உங்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால், ஒரு பாத்திரத்துக்கு ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கின ஒரே அளவுக் கிழங்கு என்பதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு பெரிய கிழங்கைப் போடாதீர்கள், பச்சைத் தண்ணீரிலேயே உப்போடு போட்டு ஏற்றினால் வெளிப்புறம் கரைவதற்குள் உள்ளேயும் வெந்துவிடும்.

காரக்கறி எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். அம்மா வீட்டு முறைப்படி வெங்காயம், 2 கிலோ தக்காளி வதக்கி, மசாலா போட்டு, அதில் வேகாத கிழங்குத் துண்டைக் கொட்டித் தண்ணீர் விட்டேன். வீட்டில் நாலு பேருக்குச் செய்யும்போது குக்கரில் இதே முறையில் செய்வேன், ஒரு குறையும் வராது. அண்டாவில் ஒன்றரை மணி நேரம் ஆகியும் கிழங்கு நறுக்கென்றே இருந்தது. புளிப்புதான் காரணம். கிழங்கின் சதையை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிற பெக்டின், புளிப்பு இருந்தால் லேசில் இளகாது. ஏற்கெனவே 95 டிகிரித் தண்ணீர், அதில் தக்காளியும் சேர்ந்தால் எப்படி வேகும்? கடைசியில் நாத்தனார் வந்து, துண்டுகளை அரித்தெடுத்து மூன்று குக்கரில் பிரித்துப் போட்டு நாலு நாலு விசில் விட்டு, திரும்ப மசாலாவில் கொட்டிக் காப்பாற்றினார். புளி, தக்காளி, தயிர் எதுவானாலும் கிழங்கு வெந்த பிறகுதான். இதையே நல்லதுக்கும் பயன்படுத்தலாம்: இஷ்டுக் கிழங்கு வேகிற தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டால் துண்டு உடையாமல் நிற்கும், ஆனால் அந்தத் தண்ணீரை வடித்துக் கிழங்கை ஒரு தடவை அலசிவிட்டுத்தான் தேங்காய்ப்பாலில் போட வேண்டும், இல்லையென்றால் பால் திரியும்.

வறுவல்தான் எனக்குக் கடைசி வரை புரியாத புதிராக இருந்தது. மிச்சமிருந்த வட்டவடைக் கிழங்கு, நல்ல கிழங்கு, ஒரு பச்சை கிடையாது. நீளமாக நறுக்கி எண்ணெயில் போட்டால் இரண்டு நிமிஷத்தில் காப்பிக்கொட்டை நிறம். உள்ளே வேகவில்லை, வெளியே கசப்பு. தீயைக் குறைத்தேன், எண்ணெயை மாற்றினேன், 2 லிட்டர் எண்ணெய் போனதுதான் மிச்சம். வறுக்காத ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன், லேசாக இனித்தது. அங்கே இருக்கிறது விஷயம். கிழங்கை ரொம்பக் குளிரில் வைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாற ஆரம்பிக்கும், அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கருகுகிறது. ஃபிரிட்ஜில் வைக்காதே என்று சொல்வார்கள், நான் வைக்கவில்லை, ஆனால் எங்கள் பின்கட்டு டிசம்பர் ராத்திரியில் ஃபிரிட்ஜேதான், தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வெள்ளைக் கட்டியாக உறைந்து நிற்கிற இடம். அங்கே மூன்று வாரம் இருந்த கிழங்கு வேறெப்படி இருக்கும்? சமவெளியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வடக்கே பிப்ரவரி, மார்ச்சில் தோண்டின கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்துத்தான் வருஷக் கடைசி வரை அனுப்புகிறார்கள், டிசம்பரில் உங்கள் கைக்கு வருவது அதுவாகவும் இருக்கலாம். வறுவலுக்கு வாங்கினால் முதல் நாளே ஒரு துண்டு வறுத்துப் பாருங்கள். கருகினால் அந்தக் கிழங்கைக் குழம்புக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்குங்கள். நேரம் இருந்தால் இருட்டான, குளிராத இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் அந்த இனிப்பு பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். நறுக்கின துண்டை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி, துணியில் ஈரம் போக ஒற்றிவிட்டு வறுப்பதும் உதவும்.

மதியம் வறுவல் இல்லாமல்தான் பந்தி நடந்தது. யாரும் குறை சொல்லவில்லை, காரக்கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ராத்திரி கணக்குப் போட்டேன். எறிந்த கிழங்கு 144, இஷ்டுக் கிழங்கு 350, தேங்காய் 350, முட்டைக்கறி 1,500, கருகின வட்டவடைக் கிழங்கு 300, எண்ணெய் 280. மொத்தம் 2,924 ரூபாய். அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்து, "ஏம்மா, நான் பக்கத்து ரூம்லதானே படுத்திருந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். ஆபரேஷன் ஆன மனுஷியை எழுப்பக் கூடாது என்று நினைத்தேன். அவருக்கு ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. பின்கட்டுக் கிழங்கு வறுவலுக்கு ஆகாது என்பது உட்பட.

ஈஸ்டருக்கு 30 பேருக்கு மறுபடியும் நானே செய்தேன், இந்தத் தடவை அத்தையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்டு. அளவும் அப்போதுதான் பிடிபட்டது. கோழியும் சோறும் இருக்கிற விருந்தில் ஒரு ஆளுக்கு ஒரு வகைக்கு 100 கிராம் கிழங்கு தாராளம். அந்தக் கணக்கில் போன கிறிஸ்துமஸுக்குக் காலை இரண்டரைக் கிலோ, மதியம் இரண்டு வகைக்குமாக 12 கிலோ, கழிவுக்கு 2 கிலோ சேர்த்து 17 கிலோ போதுமாக இருந்திருக்கும். நான் வட்டவடைக் கிழங்கையும் சேர்த்து 26 கிலோவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இந்த வருஷம் இப்படி வைத்திருக்கிறேன். வறுவல் கிழங்கை டிசம்பர் முதல் வாரமே வாங்கி, விறகு அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி அலமாரிக்குக் கீழே சாக்கில் வைத்துவிடுவேன், அங்கே ராத்திரியிலும் குளிர் அவ்வளவு இறங்காது. இஷ்டுக் கிழங்கும் காரக்கறிக் கிழங்கும் 24ஆம் தேதி மதியமே தோலோடு வேகவைத்து, மூடி போட்டு அடைக்காமல் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஆறினதும் ஃபிரிட்ஜுக்குள். சுடச்சுடக் குவித்து மூடினால் நசநசத்து ஊசிப்போகும். வெந்த கிழங்குக்கு ஃபிரிட்ஜ் பரவாயில்லை, பச்சைக் கிழங்குக்குத்தான் ஆகாது. உரிப்பதும் நறுக்குவதும் சாயங்காலம் நாத்தனாரும் நானும், அவரை ஒரு நாள் முன்னாலேயே வரச் சொல்லிவிட்டேன். தேங்காய்ப்பால் மட்டும் காலையில்தான் பிழிவது. கேஸ் சிலிண்டர் இரண்டு, மூன்று குக்கர், எல்லாம் பேசி வைத்தாயிற்று. ஒன்பது மணிக்கு அடுப்படியை மூடிவிட்டு நானும் ஜீப்பில் ஏறுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.